குடை முனையால் போட்ட கட்டம்

சின்னக் காஞ்சிபுரத்தில் நான் பெருமாளைச் சேவிக்கப் போகும் மாலைகளில் எல்லாம், சன்னதித் தெருக் கோடியில் மிஷன் பள்ளிக்கூடத்து லத்தீன் வாத்தியார் நிற்பார். கறுப்புக் கோட்டு, செருப்பில்லாத கால். சேரியில் பிறந்தவர் என்பதால் அந்தக் காலத்தில் கோயிலுக்குள் அவரை விடமாட்டார்கள். குடை முனையால் மண்ணில் ஒரு கட்டம் போட்டு, அதற்குள் நின்று கோபுரத்துக்கு மேலே வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஒருநாள் கேட்டே விட்டேன். "என்ன சார் அது, கட்டம்?"

"இங்கிலீஷ்ல 'கான்டெம்ப்ளேட்'னு ஒரு வார்த்தை இருக்குதில்ல சார், ஆழ்ந்து யோசிக்கிறதுக்கு? அது லத்தீன்ல 'டெம்ப்ளும்'லேர்ந்து வந்தது. ரோமாபுரியில குறி பாக்கறவன் கோலால ஒரு எடத்தை வளைச்சு, அங்க நின்னுக்கினு வானத்தையே பாப்பானாம். அந்த எடத்துக்குத்தான் மொதல்ல 'டெம்பிள்', கோயில்னு பேரு."

"மதில்?"

"அது பின்னால வந்தவங்க கட்டனது சார்."

சொல்லிவிட்டு மறுபடி வானத்தைப் பார்க்கத் தொடங்கிவிட்டார்.

சேவித்துவிட்டு நான் திரும்பியபோது அவர் போய்விட்டிருந்தார். கட்டம் மட்டும் அழியாமல் கிடந்தது. கையில் துளசியோடு அதன் முன்னே வெகுநேரம் நின்றேன். உள்ளே கால் வைக்க எனக்குத் துணிவு வரவில்லை. ஓரமாக ஒதுங்கி வீட்டுக்குப் போனேன்.