லைன் வராத கம்ப்யூட்டரில் வந்த ரிசல்ட்

ஏதேதோ நாடுகள் சேர்ந்து, எங்களைப் போன்ற ஏழைகளுக்காக, காஞ்சிபுரம் பக்கத்து ஐயம்பேட்டையில் ஒரு கம்ப்யூட்டர் சென்டர் வைத்துக்கொடுத்தன. மூன்று கம்ப்யூட்டர்கள் வந்தன, இன்டர்நெட்டுக்கு வேண்டிய டெலிபோன் லைன்தான் வரவில்லை. சென்டரைப் பார்த்துக்கொண்டவர் ஒல்லியான மனிதர். எந்நேரமும் ஒரு மஞ்சள் துணியால் திரையைத் துடைத்துக்கொண்டே இருப்பார்.

பத்தாவது ரிசல்ட் அன்று மகளின் நம்பரோடு போய் நின்றேன். நான் ஐந்தாவதோடு நின்றவன். அவளும் நின்றுவிடுவாளோ என்று பயம். அவர் நம்பரை வாங்கிக்கொண்டு, பெரிய காஞ்சிபுரத்து பிரவுசிங் சென்டருக்குச் சைக்கிளில் போனார். வியர்க்க வியர்க்கத் திரும்பி வந்தவர் நேராக உள்ளே போனார். கம்ப்யூட்டரைப் போட்டு, திரையைத் துடைத்து, ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார்.

"இப்ப வந்து பாருபா."

மகள் பெயர், பக்கத்தில் 'பாஸ்'. எழுத்துக்கூட்டிப் படித்தேன்.

"இன்னா சார், வந்ததும் வாயால சொல்லக்கூடாதா? எனக்கு உசுரே போயிடுச்சு."

"அத்தினி தூரத்துலேர்ந்து இந்த கம்ப்யூட்டர நம்பி அனுப்பிக்கிறாங்கபா. ஒரு நாளாச்சும் இது யாருக்காவது ஒண்ணு காட்டட்டுமே."

அடுத்த மாதம் வெளிநாட்டு அம்மா ஒருவர் பார்வையிட வந்தார். "இதனால் உங்களுக்கு என்ன பயன்?" என்று கூட வந்தவர் தமிழில் கேட்டார். "மக ரிசல்ட்ட இதுலதான் பாத்தேன்" என்றேன். அந்த அம்மா சந்தோஷமாக எழுதிக்கொண்டு போனார்.

லைன் கடைசிவரை வரவில்லை. நான் சொன்ன பதிலைக் கேட்டு, லைன் வந்துவிட்டது என்று நினைத்துவிட்டார்களோ? அன்று பக்கத்திலேயே நின்ற சென்டர்காரர் ஏன் ஒரு வார்த்தை மறுக்காமல் திரையையே துடைத்துக்கொண்டிருந்தார்? இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.