ஒச்சம்மாள் கையெழுத்துப் போடாத தாள்

எழுமலையிலிருந்து உசிலம்பட்டிக்குப் போகும் டவுன் பஸ் நின்று கிளம்பும் சிறிய ஊர்களில் ஒன்றில் ஒச்சம்மாள் கிராம உதவியாளராக இருந்தாள். ஊரார் இன்றும் தலையாரி என்றுதான் சொல்வார்கள். அவளுடைய கணவன் கருப்பு பார்த்த வேலை அது. அவன் நெஞ்சுவலியில் போனபிறகு வாரிசு அடிப்படையில் அவளுக்குக் கிடைத்தது. அப்போது அவளுக்கு நாற்பத்திரண்டு வயது. படிப்பு எட்டாம் வகுப்பு.

வி.ஏ.ஓ. கூப்பிடச் சொன்ன ஆளைக் கூட்டிவருவது, தாலுகா ஆபீசுக்குத் தபால் கொண்டுபோவது, கண்மாய்க் கரையில் உடைப்பு விழுந்தால் முதலில் போய்ப் பார்ப்பது, நோட்டீஸ் ஒட்டுவது எல்லாம் அவள் வேலை. எங்கோ மேலே தொடங்கும் உத்தரவு அவள் கையிலிருக்கும் பசை வாளியில் வந்து முடியும். எந்தத் தாளானாலும் கடைசி வரிவரை எழுத்துக்கூட்டிப் படித்த பிறகே கையெழுத்துப் போடுவாள். கருப்பு ஒருமுறை, யாரோ நீட்டினார்கள் என்று படிக்காமல் கையெழுத்துப் போட்டு, புறம்போக்கு மரம் வெட்டிய வழக்கில் மாட்டி நாலு மாதம் சஸ்பெண்டில் கிடந்தான். அந்த நாலு மாதத்தை அவள் மறக்கவில்லை.

அவள் வீட்டிலிருந்து மூன்றாவது வீடு சின்னத்தாயுடையது. சின்னத்தாய் கருப்பின் உடன்பிறந்த தங்கை. கணவனை இழந்தவள், தையல் மிஷினை நம்பிப் பிழைப்பவள். அவளுடைய ஒரே மகள் ரோகிணிக்குப் பத்து வயதில் வலிப்பு வந்தது. மதுரைப் பெரியாஸ்பத்திரியில் இருபது நாள் கிடந்தபோது, பக்கத்துப் படுக்கைக்கு வந்த ஒரு கிறிஸ்தவப் பெண் ரோகிணிக்கும் சேர்த்துக் கஞ்சி கொண்டுவந்தாள், ஜெபமும் செய்தாள். மாத்திரையில் வலிப்பு கட்டுக்குள் வந்தது. சின்னத்தாய் ஊர் திரும்பியபோது கையில் ஒரு பைபிள் இருந்தது.

ஒச்சம்மாளுக்கு அதில் கோபம் இல்லை. கோபம் வந்தது கருப்பின் கருமாதி அன்று. எல்லோரும் படையலுக்கு முன்னால் விழுந்து கும்பிட, சின்னத்தாய் மட்டும் சுவரோரம் ஒதுங்கி நின்றாள்.

"கூடப் பொறந்த அண்ணன்டி. அவனுக்காகக்கூடக் குனிய மாட்டியா?"

"அழுதுட்டுத்தான நிக்கிறேன் மதினி. கும்புட மட்டும் சொல்லாதீங்க."

அதற்குப் பிறகு ஐந்து வருடம் இருவருக்கும் பேச்சில்லை. தண்ணீர்க் குழாயடியில் எதிர்ப்பட்டால்கூட ஒச்சம்மாள் குடத்தை இடுப்பு மாற்றி வைத்துக்கொண்டு போய்விடுவாள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சின்னத்தாய் வீட்டில் ஜெபம் நடக்கும். பத்துப் பன்னிரண்டு பேர், பெரும்பாலும் பெண்கள். உசிலம்பட்டியிலிருந்து ஒரு பாஸ்டர் மொபெட்டில் வருவார். கதவைச் சாத்திக்கொண்டு ஒரு மணி நேரம் பாடுவார்கள், கலைந்துவிடுவார்கள். அவ்வளவுதான்.

தங்கப்பாண்டிக்கு அது பிடிக்கவில்லை. உரக்கடை வைத்திருப்பவன், கோயில் திருவிழாவை முன்னின்று நடத்துபவன். கெட்டவன் என்று சொல்ல முடியாது. ரோகிணியைப் பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனது அவனுடைய வேன்தான். "இன்னைக்குப் பன்னெண்டு பேரு, நாளைக்கு அம்பது பேரு. அப்புறம் நம்ம சாமிக்குப் பொங்க வைக்க ஆளு இருக்காது" என்று டீக்கடையில் சொல்லிக்கொண்டிருந்தவன், ஒருநாள் இருபது பேரிடம் கையெழுத்து வாங்கித் தாலுகா ஆபீசில் மனுக் கொடுத்துவிட்டான். ஒலிபெருக்கி வைத்துத் தொந்தரவு செய்கிறார்கள், ஊரில் பதற்றம் நிலவுகிறது என்று மனுவில் இருந்தது.

தாசில்தார் அறிக்கை கேட்டார். வி.ஏ.ஓ. அருண்பாண்டி வேலைக்கு வந்து ஒன்றரை வருடமே ஆன பையன். அன்று மதியம் ஆபீசில் உட்கார்ந்து மகஜர் எழுதினான். நேரில் பார்த்ததைச் சாட்சிகளோடு எழுதி வைக்கும் தாள் அது. எழுதி முடித்து ஒச்சம்மாள் பக்கம் தள்ளினான்.

"அக்கா, இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க."

அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தாள். இரண்டாவது பத்தியில் விரலை வைத்தாள்.

"ஒலிபெருக்கின்னு போட்டிருக்கு. எங்க இருக்கு சார் அது?"

"மனுவுல இருக்குக்கா."

"மனுவுல இருக்கும். வீட்டுல இருக்கா? நீங்க போய்ப் பாத்தீங்களா?"

அருண்பாண்டி பேனாவை மூடினான். "மேல இருந்து ஃபோன் மேல ஃபோன் வருதுக்கா. சுமுகமா முடிச்சு விட்ருவோம்னுதான். உங்களுக்கும் அந்தம்மாவுக்கும் பேச்சே கெடையாதுன்னு ஊரே சொல்லுது. நீங்க ஏன் இம்புட்டு யோசிக்கிறீங்க?"

"பேச்சில்லாதது எங்க வீட்டுச் சங்கதி தம்பி. இது கெவருமெண்டுத் தாளு. பதட்டம்னு எழுதியிருக்கீங்க. நான் அந்தத் தெருவுலதான் குடியிருக்கேன். ஞாயித்துக்கெழமை அந்தப் பாட்டு எங்க வீட்டு மிக்ஸி சத்தத்துக்குக் கேக்காது. நான் பாக்காதத பாத்தேன்னு எழுத மாட்டேன்."

தாளை அவன் பக்கமே திருப்பி வைத்தாள். அருண்பாண்டி வேறு இரண்டு பேரிடம் கையெழுத்து வாங்கி அனுப்பினான்.

பத்து நாளில் தாசில்தாரின் உத்தரவு வந்தது. கலெக்டரின் முன் அனுமதி இல்லாமல் சின்னத்தாய் வீட்டில் கூட்டு ஜெபம் நடத்தக் கூடாது, மீறினால் வீடு பூட்டி முத்திரையிடப்படும். அதை ஒட்ட வேண்டியவள் ஒச்சம்மாள்.

பசை வாளியோடு போய்க் கதவில் ஒட்டினாள். உள்ளே மிஷின் ஓடும் சத்தம் நின்றது. சின்னத்தாய் வெளியே வந்து, ஒட்டிய தாளையும் மதினியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"என் வீட்டுக்கா மதினி?"

"ஆமா."

"என் வீட்டுக்குள்ள நான் கும்புடக் கூடாதாமா?"

ஒச்சம்மாள் பசை வாளியைக் கையில் எடுத்தாள். "ஒட்டுறது என் வேல" என்றாள். நாலடி நடந்தவள் திரும்பி வந்தாள். "தாளக் கிழிச்சிராத. நம்பர், தேதி, முத்திரை எல்லாம் அதுலதான் இருக்கு. யாராவது வக்கீல்கிட்டக் காட்டு."

ஐந்து வருடத்தில் அவர்கள் பேசிய முதல் பேச்சு அது.

அடுத்த வாரம் ஒச்சம்மாளுக்கே ஒரு மெமோ வந்தது. விசாரணைக்கு ஒத்துழைக்காமல் மகஜரில் கையெழுத்திட மறுத்தது ஏன், ஏழு நாளில் விளக்கம் தருக. அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை. சஸ்பெண்டில் கிடந்த கருப்பு, வீட்டு வாசலில் நாள் முழுக்கப் பீடி பிடித்தபடி உட்கார்ந்திருந்தது கண்ணில் வந்துகொண்டே இருந்தது. மன்னிப்புக் கேட்டு இரண்டு வரி எழுதினால் முடிந்துவிடும் என்று அருண்பாண்டி சொன்னான். அவன் பயந்துபோய் அவளுக்கு நல்லதைத்தான் சொல்கிறான் என்பதும் அவளுக்குத் தெரிந்தது.

அவள் ஒரு பக்கம் எழுதினாள். தான் அதே தெருவில் குடியிருப்பதாகவும், அந்த வீட்டில் ஒலிபெருக்கி எதையும் பார்த்ததில்லை என்றும், ஜெபத்தால் தகராறு நடந்து தான் அறிந்ததில்லை என்றும், பார்க்காததற்குச் சாட்சிக் கையெழுத்துப் போட மனசு வரவில்லை என்றும் எழுதினாள். தாலுகா ஆபீஸ் தபால் பிரிவில் கொடுத்து, நகலில் தேதி முத்திரை வாங்கிக்கொண்டு திரும்பினாள். நகல் பீரோவுக்குள் போனது.

இதற்கிடையில் சின்னத்தாய் மதுரைக்குப் போய், கோரிப்பாளையத்தில் ஒரு கண்ணாடிக் கடை மாடியில் ஆபீஸ் வைத்திருந்த ஸ்ரீலக்ஷ்மி என்ற வக்கீலைப் பார்த்திருந்தாள். ஸ்ரீலக்ஷ்மி ஐகோர்ட் மதுரைக் கிளையில் வழக்குப் போட்டார். அரசுத் தரப்பு தாக்கல் செய்த பதிலின் நகல் இரண்டு மாதம் கழித்துச் சின்னத்தாய் கைக்கு வந்தது. அதைத் தூக்கிக்கொண்டு நேராக ஒச்சம்மாள் வீட்டுக்கு வந்தாள். வாசற்படி தாண்டாமல் வெளியிலேயே நின்றாள்.

"நீங்களா மதினி இப்படிச் சொன்னீங்க?"

இங்கிலீஷில் இருந்ததை ஸ்ரீலக்ஷ்மி பென்சிலால் தமிழில் எழுதிக் கொடுத்திருந்தார்: 'பதற்றம் நிலவுவதைக் கிராம உதவியாளரும் உறுதி செய்தார்.'

ஒச்சம்மாள் இரண்டு தடவை படித்தாள். முகம் சிவந்துவிட்டது. "நான் இல்லன்னு எழுதிக் குடுத்தத, ஆமான்னுல எழுதி வச்சிருக்காங்க!" உள்ளே போய்ப் பீரோவைத் திறந்து, முத்திரை குத்திய நகலை எடுத்துவந்து நீட்டினாள்.

மறுநாள், சின்னத்தாய் கொண்டுபோய்க் கொடுத்த நகலைப் படித்துவிட்டு ஸ்ரீலக்ஷ்மி ஃபோனில் கூப்பிட்டார். "அம்மா, இதை நான் கோர்ட்ல காட்டினா உங்க டிபார்ட்மென்ட்டுக்கு உங்க மேல கோபம் வரும். வேண்டாம்னு சொன்னா திருப்பிக் கொடுத்துடறேன். நன்னா யோசிச்சுச் சொல்லுங்கோ."

"யோசிச்சுட்டேன் மேடம். அவுக கேட்டாக, நான் பதில் எழுதுனேன். மறைக்க அதுல என்ன இருக்கு? காட்டுங்க."

விசாரணை நாளில் அவள் 'சொந்த வேலை' என்று எழுதி லீவு போட்டாள். சின்னத்தாயோடு பஸ் மாறி மாறிக் கோர்ட்டுக்குப் போய்ச் சேர்ந்து, கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். வாதம் பெரும்பாலும் இங்கிலீஷில் நடந்தது. ஆனால் நீதிபதி ஓரிடத்தில் தமிழுக்கு மாறி, அரசு வக்கீலைக் கேட்டது அவளுக்குத் தெளிவாகக் கேட்டது.

"எந்தச் சட்டத்துல, எந்தப் பிரிவுல இந்த அதிகாரம் தாசில்தாருக்கு வந்தது? அதை மட்டும் காட்டுங்க."

அரசு வக்கீல், வழிபாட்டுக் கட்டடம் கட்ட அனுமதி வாங்க வேண்டும் என்ற விதியைப் படித்தார்.

"அந்தம்மா கட்டடம் எதுவும் கட்டினாங்களா?"

"இல்லை, மைலார்ட்."

"அப்ப பதற்றம்கிறீங்க. உங்க கிராம உதவியாளர் உறுதி செஞ்சதா எழுதியிருக்கு. அவங்க கைப்பட எழுதினது இங்க இருக்கு, முத்திரையோட. நேர்மாறா இருக்கே?"

அரசு வக்கீல் கோப்பைப் புரட்டிக்கொண்டே இருந்தார். ஒச்சம்மாளின் கோணல் எழுத்தை அவ்வளவு பெரிய இடத்தில் ஒருவர் வரிவரியாகப் படிப்பார் என்று அவள் நினைத்துப் பார்த்ததில்லை.

தாசில்தாரின் உத்தரவு ரத்தானது. கேன்டீனில் வைத்து ஸ்ரீலக்ஷ்மி விளக்கினார். "மனசுக்குப் பட்ட சாமியைக் கும்பிடற உரிமை அரசியல் சாசனத்துலயே இருக்கு. பொது அமைதி, சுகாதாரம், ஒழுக்கம் இதுக்காக அரசாங்கம் கட்டுப்பாடு போடலாம். அதையும் சட்டப்படிதான் போடணும். ஒரு ஆபீசருக்குத் தோணறதெல்லாம் சட்டமாகாது. மைக் வச்சாலோ, வீட்டைச் சர்ச்சா மாத்தினாலோ அனுமதி வாங்கணும். ஜட்ஜ் அதையும் சொல்லியிருக்கார், ஞாபகம் வச்சுக்கோங்கோ."

"அப்ப கெவருமெண்டுக்கும் ஒரு வரப்பு இருக்குன்னு சொல்லுங்க" என்றாள் ஒச்சம்மாள்.

"ஆமா. இருக்கு."

வெற்றிக்கு ஒச்சம்மாள் விலை கொடுத்தாள். நிர்வாகக் காரணம் என்று சொல்லி அவளை இருபது கிலோமீட்டர் தள்ளி வேறு ஊருக்கு மாற்றினார்கள். இரண்டு பஸ் ஏற வேண்டும். மெமோ மட்டும் மேல் நடவடிக்கை இல்லாமல் முடிந்தது. விடைபெறும் நாளில் அருண்பாண்டி அவள் முகத்தைப் பார்க்கச் சங்கடப்பட்டான். "நீங்க உறுதி செஞ்சதா இருந்த அந்த வரி நான்தான்க்கா எழுதுனேன். பயந்துட்டேன்." ஒச்சம்மாள் அவனைத் திட்டவில்லை. "இனிமே போய்ப் பாத்துட்டு எழுதுங்க தம்பி" என்று ஆபீஸ் சாவிக்கொத்தை மேஜைமேல் வைத்தாள். தங்கப்பாண்டி ஆறு மாதம் அவளிடம் முகம் கொடுக்கவில்லை. பிறகு, அவள் காலைப் பஸ்ஸைத் தவறவிட்ட ஒருநாள், வேனை நிறுத்தி ஏறச் சொன்னான். வழி நெடுக இருவரும் மழையைப் பற்றி மட்டும் பேசினார்கள்.

சின்னத்தாய்க்கும் அவளுக்கும் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. தீர்ப்பு வந்த வாரம் சின்னத்தாய் கண் கலங்கி, "ஒங்களுக்காக ஜெபத்துல வேண்டிக்கிறேன் மதினி" என்றாள்.

"எனக்காக ஒண்ணும் வேண்ட வேணாம். எனக்கு எங்க அம்மா இருக்கா" என்றாள் ஒச்சம்மாள், குலசாமி ஒச்சாண்டம்மனை நினைத்து. கொஞ்சம் பொறுத்து, அடங்கிய குரலில், "அன்னைக்கு நீ ஒதுங்கி நின்னது எனக்கு இன்னும் வலிக்குதுடி" என்றாள்.

"தெரியும் மதினி. எனக்கும் வலிச்சுச்சு."

இந்த வருடம் மகா சிவராத்திரிக்கு ஒச்சம்மாள் பொங்கல் பானையோடு மூன்று நாள் குலசாமி கோயிலுக்குப் போனாள். அவளுடைய ஆடுகளைச் சின்னத்தாய் பார்த்துக்கொண்டாள். திரும்பி வந்த ஒச்சம்மாள், பிரசாதப் பொட்டலத்தை அவளுக்குக் கொடுக்கவில்லை. கொடுத்தால் வாங்கிக்கொள்ளவும் முடியாமல் மறுக்கவும் முடியாமல் தவிப்பாள் என்று தெரியும். ரோகிணிக்கு என்று கோயில் கடையில் வாங்கிய கண்ணாடி வளையல்களை எடுத்துக் கொடுத்தாள். சின்னத்தாய் அங்கேயே மகளைக் கூப்பிட்டு, இரண்டு கைகளிலும் போட்டுப் பார்த்தாள்.