அகலம் நூறு, உயரம் நூறு

நெய்யாற்றின்கரை கோர்ட்டுக்குப் பக்கத்து ஸ்டுடியோவில் படம் திருத்தும் வேலைக்குச் சேர்ந்த அன்றே முதலாளி அண்ணன் என்னிடம் சொன்னார்: "கம்ப்யூட்டர்ல செட்டிங்ஸ் ஒண்ணும் தொடாண்டாம். நான் சரியாக்கி வச்சதாக்கும்."

அவர் சரியாக்கி வைத்தது இதுதான். எந்தப் படத்தைத் திறந்தாலும் உயரம் நூறு சதவீதம் அப்படியே நிற்கும். அகலம் மட்டும் தானாகத் தொண்ணூற்றிரண்டுக்கு இறங்கும். கல்யாண வீட்டுக்காரர்கள் ஒல்லியாகத் தெரிந்தால் சந்தோஷப்படுகிறார்கள் என்று என்றைக்கோ செய்தது. யாரிடமும் சொன்னதில்லை. வாங்கிப்போனவர்கள் நல்ல கேமரா என்று நினைத்துக்கொண்டார்கள். நானும் ஆறு மாதம் வாயைத் திறக்காமல் ஊரார் கன்னங்களை ஒடுக்கிக் கொடுத்தேன்.

அப்போதுதான் காஞ்சிரங்குளத்தில் இருந்து ஒரு அம்மா வந்தார். கணவர் இறந்து இரண்டு வாரம். ஞாயிற்றுக்கிழமை சபையில் நினைவு ஆராதனை, அதற்குப் பெரிய படம் வேண்டும். மகள் கல்யாணத்தில் எடுத்த கூட்டுப்படம் ஒன்றைக் கொடுத்தார். அதிலிருந்து கணவர் முகத்தை மட்டும் எடுத்துப் பெரிதாக்கி பிரிண்ட் போட்டேன். அந்த அம்மா வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இது ஆரு, மக்கா?"

"உங்க வீட்டுக்காரர்தான்."

"இல்ல. எனக்க ஆளுக்கு நல்ல அகலமான முகமாக்கும். சீக்கு வந்து மெலிஞ்சு கெடந்தப்பதான் இப்படி இருந்தாரு. அந்த முகத்தப் பாக்கண்டாம்ணுதான பழைய படத்த எடுத்துட்டு வந்தேன்?"

அண்ணன் கவுண்டரில் இருந்தபடியே, "நல்லாத்தான இருக்கு" என்றார். அந்த அம்மா படத்தை மேஜையில் கவிழ்த்து வைத்தார்.

நான் செட்டிங்ஸைத் திறந்தேன். அந்தத் தொண்ணூற்றிரண்டை மட்டும் மாற்றும் வழி தெரியவில்லை. பழையபடி எல்லாவற்றையும் ஆரம்ப நிலைக்குக் கொண்டுபோகும் பொத்தான் ஒன்று இருந்தது. அழுத்தினால் அண்ணன் சேர்த்துவைத்த அளவுகள் அத்தனையும் போகும். அவர் எழுந்து வந்துவிட்டார்.

"பிள்ளே, தொடாண்டாம்ணு சொன்னேன்லா?"

"தொடுவேன் அண்ணா. மனுசன் முகத்தக் கேக்காம நெருக்கதுக்கு நமக்கு என்ன உரிமை?"

அழுத்தினேன். கோபம் வந்தால் அவருக்கு மலையாளம்தான் வரும். "நினக்கு பிராந்தாணோ?" என்று கத்தினார். பைத்தியம் ஒன்றும் இல்லை என்று சொல்லி, படத்தை மறுபடி பிரிண்ட் போட்டேன். கன்னமும் கழுத்தும் நிறைந்த ஒரு மனிதர் வந்தார். அந்த அம்மா கையால் அந்த முகத்தைத் தடவி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனார்.

"நாளைக்கு வராண்டாம்" என்றார் அண்ணன்.

மறுநாள் வழக்கமான பஸ்ஸில் போய் இறங்கினேன். பாஸ்போர்ட் அளவு, ஸ்டாம்ப் அளவு, ஆல்பம் அளவு எல்லாவற்றையும் உட்கார்ந்து திரும்பச் சேர்த்தேன். தொண்ணூற்றிரண்டைச் சேர்க்கவில்லை. அவர் பார்த்துக்கொண்டே நின்றார், வெளியே போ என்று சொல்லவில்லை. இரண்டு தடவை நான் சாப்பிடப் போன நேரத்தில் அவரே மாற்றி வைத்தார். இரண்டு தடவையும் திரும்பி வந்ததும் நூறாக்கினேன். அதற்குப் பிறகு விட்டுவிட்டார்.

இப்போது வருகிறவர்களிடம் நேராகவே கேட்கிறேன்: "உள்ளபடி வேணுமா, கொஞ்சம் மெலிசா வேணுமா?" பாதிப் பேர் மெலிசாகத்தான் கேட்கிறார்கள். எனக்கு எரிச்சலாகத்தான் இருக்கிறது. செய்துகொடுக்கிறேன், அவர்கள் முகம், அவர்கள் இஷ்டம்.