ரெண்டு வயசு உபயகாரன்

பாரிசில, லா சப்பலில இருக்கிற எங்கட கோயிலுக்கு ஆர் உபயம் செய்தாலும் பலகையில பேர் எழுதுறது நான்தான். கையெழுத்து வடிவு எண்டு சொல்லி என்ர தலையில கட்டிவிட்டினம். பிள்ளைக்கு முதலாம் பிறந்தநாள் எண்டால் அண்டைய பூசையும் சாப்பாடும் பிள்ளையின்ர பேரில நடக்கும். பலகையில பேரும் வயசும் போடவேணும். பேர் சின்னனாய்ப் போச்சுது எண்டு தகப்பன்மார் பிடிக்கிற சண்டையைக் கேட்டால், ஏன் இஞ்சை வந்தன் எண்டு சாமியே கவலைப்படும். பதினைஞ்சு வருசம் இப்பிடிப் போனதில, ஒரு இடத்தில பேரையும் வயசையும் சேர்த்துக் கண்டால் எனக்கு ஒரே அர்த்தம்தான்.

பகலில எனக்குப் பார்க் துப்புரவு வேலை. நான் இருக்கிற கார்ஜில ரயில் ஏறி விடிய ஏழுக்கு முன்னம் வந்திடுவன். லா சப்பலுக்குப் பின்பக்கம் ஒரு சின்னப் பார்க். வாசலோட ஒரு கல் நட்டிருக்குது. மேல நாலைஞ்சு வரி பிரெஞ்சு, கீழ பிள்ளையளின்ர பேர், பக்கத்தில வயசு. ரெண்டு, மூண்டு, அஞ்சு. ஒண்டு பதினெட்டு மாசம்.

மேல் வரியளை நான் வாசிக்கேல்லை. பிரெஞ்சைக் காதால கேட்டால் விளங்கும், வாசிக்கிறது சம்பளச் சீட்டோட நிண்டுபோச்சுது. அதோட உபயப் பலகையில மேல இருக்கிறதை ஆர் வாசிக்கிறது, எல்லாரும் தேடுறது பேரைத்தானே. பிறந்தநாளுக்குப் பிள்ளையளின்ர பேரில பார்க்குக்கு உபயம் செய்திருக்கினம் எண்டு முடிவுகட்டினன். வெள்ளைக்காரரும் எங்கட ஆக்கள்தான் எண்டு உள்ளுக்குள்ள ஒரு சந்தோசம்.

அந்தக் கல்லுக்கு மேல ஆரோ கூழாங்கல் வைச்சுவிட்டுப் போவினம். குழப்படிப் பிள்ளையளின்ர வேலை எண்டு நினைச்சன். உபயகாரரின்ர தலையில குப்பை கிடக்க விடலாமோ. எடுத்து ரோசாச் செடியளுக்கு அடியில எறிஞ்சுபோட்டு, ஈரத்துணியால கல்லை மினுக்குவன். ஒருத்தரும் சொல்லாமல் நான் செய்த வேலை அது ஒண்டுதான்.

வியாழக்கிழமையளில, நான் வேலை முடிஞ்சு வெளிக்கிடுற நேரம், ஒரு மதாம் வருவா. எண்பத்தெட்டு வயசு, ஊண்டுதடி, சிவப்புத் தொப்பி. ஒரு வருசமாய் வணக்கம் சொல்லுறதோட சரி. இந்த வசந்தத்தில ஒருநாள் என்னைக் கூப்பிட்டா.

"மிசியு, விடிய நிக்கிறது நீங்கள்தானே. நான் வைக்கிற கல்லை ஆர் எடுக்கிறது எண்டு கண்டனீங்களோ?"

என்ன கல் எண்டு கேட்டன். தடியால ஒரு பேரைக் காட்டினா. அவவின்ர தம்பி, ரெண்டு வயசு. யூதக் குடும்பம். ஜெர்மன்காரர் பாரிசைப் பிடிச்சு வைச்சிருந்த காலத்தில, ஒருநாள் விடியப் பிரெஞ்சுப் பொலிஸ் வந்து தாயையும் தம்பியையும் கொண்டுபோனதாம். முதல்நாள் அயல்வீட்டில படுத்ததால இவ தப்பினவ. முகாமுக்குப் போன பிள்ளை திரும்பேல்லை. புதைச்ச இடமும் இல்லை.

"எங்கட ஆக்கள் பூவை விடக் கல்லுத்தான் வைப்பம், வந்து பார்த்தன் எண்டதுக்கு. அவனுக்கு வைக்க எனக்கு இந்த ஒரு இடம்தான் இருக்கு. அதையும் ஆரோ வெறுப்பில எடுத்தெறியினம். என்னை வெறுக்கட்டும், பழகிப்போச்சுது. ரெண்டு வயசுப் பிள்ளையை ஏன்? வாற வியாழன் வந்து அவனிட்டைச் சொல்லிப்போட்டு, கல் வைக்கிறதை நிப்பாட்டப்போறன்."

"நான் காணேல்லை மதாம்" எண்டன். வாய் தன்ரபாட்டில பொய் சொல்லிச்சுது.

அவ போனாப்பிறகு மேல் வரியளைப் போனில பிடிச்சுத் தமிழில பார்த்தன். யூதராய்ப் பிறந்ததுக்காகக் கொண்டுபோய்க் கொல்லப்பட்ட, பள்ளிக்கூடம் போற வயசுகூட வராத பிள்ளையள். விசரா, விசரா எண்டு என்னை நானே பேசிக்கொண்டு ரயில் ஏறினன். அடுத்த வியாழன்வரை எனக்கு ஒரே வேலைதான். ஒவ்வொரு நாளும் ரோசாச் செடியளுக்கு அடியில கிண்டிக் கிண்டி, ஒரு வாளி கூழாங்கல் பொறுக்கினன். முள்ளுக் கீறினது எனக்கு வேணும்.

வியாழக்கிழமை வந்தா. வாளியை அவவின்ர காலடியில வைச்சன். "எடுத்தது நான்தான் மதாம். வெறுப்பில இல்லை" எண்டு சொல்லி, கோயில், உபயம், பிறந்தநாள் எல்லாத்தையும் தெரிஞ்ச பிரெஞ்சில கொட்டித் தீர்த்தன்.

அவ தடியால வாளிக்குள்ள கல்லைக் கிளறிப் பார்த்தா. பிறகு கேட்டா: "அப்ப இவ்வளவு நாளும் இந்தப் பார்க்கை என்ர தம்பி தந்தவன் எண்டோ நினைச்சனீங்கள்?"

"ஓம் மதாம். பிறந்தநாளுக்கு."

சிரிக்கத் துவங்கினா. தொப்பி சரிஞ்சு போகுமட்டும் சிரிச்சா. சிரிச்சுக்கொண்டே கண்ணைத் துடைச்சா. "அவனை ஒருத்தரும் இவ்வளவு பெரிய மனுசனாய் நினைச்சதில்லை" எண்டா.

வாளியில எது அவவின்ர கல் எண்டு அவவுக்கும் தெரியேல்லை. ரெண்டை எடுத்தா. ஒண்டைத் தம்பிக்கு வைச்சா. மற்றதை என்ர கையில தந்து, "உங்களுக்கு இப்பிடி ஆரும் இருக்கினமோ?" எண்டு கேட்டா.

எனக்கும் ஒரு தம்பி. வன்னியில கடைசிச் சண்டையில காணாமல் போனவன். ஊர் உலகத்தின்ர பேரெல்லாம் எழுதின நான், அவன்ர பேரை ஒரு பலகையிலயும் எழுதேல்லை. இருக்கிறான் எண்டு எழுதவும் பயம், இல்லை எண்டு எழுதவும் பயம். அவவின்ர கல்லுக்குப் பக்கத்தில என்ர கல்லை வைச்சன்.

அடுத்த நாள் விடிய, அந்த ரெண்டையும் அசைக்காமல் சுத்திவரத் துடைச்சுக்கொண்டு நிக்கேக்க எங்கட வேலைக்குப் பொறுப்பான ஷெஃப் வந்தார். மேல கல்லுக் கிடக்குது, காணேல்லையோ எண்டு கேட்டார். கண்டனான், அது உபயம் எண்டன். தமிழிலதான் சொன்னன். அவருக்கு விளங்கேல்லை, கல்லைத் தொடாமல் போயிட்டார்.