சுக்கானுக்குப் பக்கத்தில் ஒரு பலகை

தண்ணீருக்கு மேலே வந்தவள் வலது கையுறையைக் கழற்றி படகுத்துறை மேடைமேல் போட்டாள். "அண்ணே, சுக்கான் பக்கத்துல ஒரு பலகை அமுங்குது. வந்து தொட்டுப் பாருங்க" என்றாள்.

அவள் என் வேலைக் கூட்டாளி. ஊரின் மறுகோடியிலுள்ள உட்லண்ட்ஸ் வட்டாரத்திலிருந்து முதல் பேருந்தில் வருவாள். மரீனா எனப்படும் உல்லாசப் படகுத்துறையில் நிற்கும் படகுகளுக்கு அடியில் மூழ்கி, பெயிண்டில் ஒட்டி வளரும் பாசியையும் சிப்பியையும் கையால் அகற்றுவது எங்கள் தொழில். இங்கே கடல் கலங்கல். முழங்கைக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. அவள் பாசியைத் துணியால் துடைப்பாள், சிப்பியைப் பிளாஸ்டிக் தகட்டால் நெம்புவாள், பிறகு வெறுங்கையால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் நகர்வாள். நான் அவளுக்கு ஆறு வருடம் முன்பே தொழிலுக்கு வந்தவன். அவள் ஒரு படகை முடிப்பதற்குள் இரண்டை முடிப்பேன். அதில் எனக்குப் பெருமை வேறு.

இறங்கித் தொட்டேன். அந்தப் பழைய மரப் படகின் பலகை ஊறிய ரொட்டிபோல் இருந்தது. சுற்றிலும் பெயிண்ட் நீளநீளமாக உரிந்திருந்தது. மூன்று மாதத்துக்கு முன் இதே படகை அவசரமாக முடிக்க இரும்புச் சுரண்டியை எடுத்தவன் நான்தான். பெயிண்ட் போன இடத்தில் மரம் துளைக்கும் கடற்புழு புகுந்துவிட்டது.

உரிமையாளர் லிட்டில் இந்தியாவில் துணிக்கடை வைத்திருந்த பாய். மறுநாள் குடும்பத்தோடு தீவுக்குப் போவதாக இருந்தார். "போன தடவ எல்லாம் நல்லாயிருக்குன்னுதானே ரிப்போர்ட் தந்தீங்க?" என்று கேட்டார். அவள் என் பக்கம் திரும்பக்கூட இல்லை. "நாளைக்குப் படக எடுக்க வேணாம் பாய். மேல தூக்கிப் பாத்துடலாம்" என்றாள்.

நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் அதோடு போயிருக்கும். "நான்தான் சுரண்டினேன் பாய். அந்த எடத்த கையால பாக்காமலே எழுதிட்டேன்" என்றேன்.

படகைத் தூக்கியதும் பாயின் விரல் பலகைக்குள் ஒரு கணு இறங்கியது. "பேரப்பிள்ளைங்கல்லாம் வர்றதா இருந்துச்சு லா" என்றார். அவர் திட்டியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது. பலகை மாற்றியபின் அவரே எங்களை மறுபடி அழைத்தார்.

"ஏன் நீ சொல்லல?" என்று அவளிடம் கேட்டேன்.

"நீங்களே சொல்லுவீங்கன்னு தெரியும்ணே."

இப்போது அவள் வேறொரு மரீனாவில் தனிக் குழு நடத்துகிறாள். என்னிடம் எட்டுப் பேர் இருக்கிறார்கள். 'நல்ல நிலை' என்று எழுதுமுன், யார் தொட்டுப் பார்த்தது என்று கேட்கிறேன். பதில் வராவிட்டால் நானே இறங்குகிறேன். நாளுக்கு ஒரு படகு குறைகிறது, குறையட்டும்.