பூஜையில் வைத்த இசைத்தட்டு

கொரோனா ஓய்ந்த மறுவருஷம், சரஸ்வதி பூஜை அன்று சாயங்காலம், செகந்திராபாத் மாரெட்பள்ளியில் நாங்கள் குடியிருக்கும் வாடகை வீட்டில் நடந்தது இது.

எனக்குப் பழைய இசைத்தட்டுகள் சேர்ப்பதில் பைத்தியம். அதிலும் ஃபோக் ராக். நாட்டுப்பாட்டையும் எலெக்ட்ரிக் கிதாரையும் சேர்த்து வெள்ளைக்காரர்கள் ஒரு காலத்தில் பாடியவை. மறுபதிப்பு ஆகாது, முதன்முதலில் அச்சான தட்டுதான் வேண்டும். எங்கள் குடும்பத்தில் படித்த முதல் ஆள் நான், பட்டான்செருவில் ஒரு மருந்துக் கம்பெனி லேபில் வேலை. அந்தப் படிப்பெல்லாம் லேபிளை ஒட்டிய வழவழப்பான வளையத்தில் கீறியிருக்கும் எண்ணை லென்ஸ் வைத்துப் பார்த்து, "இது ஒரிஜினல்" என்று சொல்லத்தான் அதிகம் பயன்பட்டது.

இரண்டு தெரு தள்ளி ஓர் ஆங்கிலோ இந்திய அம்மையார் இருந்தார். ரயில் டிரைவராக இருந்து காலமான கணவர் சேர்த்த தட்டுகள் அவரிடம் ஒரு மரப்பெட்டி நிறைய இருந்தன, எல்லாம் முதல் அச்சு. ஆஸ்திரேலியாவில் மகளோடு இருக்கப் போகிறார். பெட்டியை அங்கே கொண்டுபோக வழியில்லை. வாங்க வந்தவர்கள் காபிக் கடைச் சுவரில் மாட்டக் கேட்டார்களாம், துரத்திவிட்டார். நான் போய்க் கேட்டபோது ஒரே ஒரு தட்டைக் கொடுத்தார். "நீ எப்படி வெச்சிருக்கேன்னு ஒருநாள் சொல்லாம வந்து பார்ப்பேன். அப்புறம்தான் பெட்டி."

அன்றிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வரப்போகும் வீடு மாதிரி என் அறையைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். தட்டைப் பருத்திக் கையுறை போட்டு, ஓரத்தை மட்டும் பிடித்துத்தான் எடுப்பேன்.

பூஜையன்று ஷிப்ட் முடிந்து வந்து பார்த்தால் சாமி படத்துக்கு முன்னால் என் பாடப் புத்தகங்கள், ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஓய்வுபெற்ற அப்பாவின் ஸ்பானர்கள், நடுநாயகமாக அந்தத் தட்டு. உறையிலிருந்து எடுத்து, கறுத்துப் பளபளக்கும் முகத்தில் மூன்று இடத்தில் சந்தனம் குங்குமம் வைத்திருந்தார் அம்மா. நடு ஓட்டையில் காம்போடு ஒரு சாமந்திப்பூ, அளவெடுத்ததுபோலக் கச்சிதமாக நின்றது.

"என்னம்மா பண்ணி வெச்சிருக்க?"

"நீயே கையில உறை மாட்டிக்கிட்டு ஓரத்தைத்தானே புடிக்கிற. புஸ்தகத்தைக்கூட அப்படித் தொட்டதில்ல. பெரிய வித்தைன்னு எனக்குத் தெரியாதா?"

"ஸ்பானருக்கு வருஷா வருஷம் பொட்டு வைக்கிறோம். ஒரு ஸ்பானராவது கெட்டுப்போச்சா?" என்றார் அப்பா.

அவர் சொல்லி முடிப்பதற்குள் வாசலில் அந்த அம்மையார். மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். அவர் முகம் போன போக்கில், பெட்டி போச்சு என்று எனக்குப் புரிந்துவிட்டது.

"என் ரெக்கார்டைக் கொடு, நான் போறேன்" என்றார் இந்தியில்.

நான் கையை நீட்டினேன். அம்மா குறுக்கே வந்து நின்றார். ஒர்க்‌ஷாப் காலனியில் கற்ற இந்தி அவருடையது. "ஹவ் ஹவ், ஆமா மேடம், உங்களுதுதான். இன்னிக்கு நக்கோ, வேணாம். பூஜையில வெச்சதை நாளைக்குக் காலையிலதான் எடுக்கணும்."

"அது என் புருஷனோடது."

"இருக்கட்டும். இன்னிக்கு ராத்திரி சரஸ்வதியோடது."

அவர் போலீஸைக் கூப்பிடுவேன் என்றார். அம்மா, கூப்பிடுங்க, அவர்களுக்கும் சுண்டல் இருக்கிறது என்றார். கடைசியில் கோபம் குறையாமலேயே, கையில் திணிக்கப்பட்ட சுண்டல் தொன்னையோடு படியிறங்கினார்.

மறுநாள் விடிந்ததும் வந்து நின்றார். புனர்பூஜை முடிந்ததும் லேபிலிருந்து கொண்டுவந்து வைத்திருந்த சுத்திகரித்த நீரால் நான் சந்தனத்தைத் துடைத்தேன். தட்டைத் திருப்பிக் கொடுக்கப் போகையில் அம்மா விடவில்லை. "எடுத்தா ஒரு வரியாவது படிக்கணும். இதையும் பாடவை."

முள்ளை வைத்தேன். இரண்டு பாட்டு சுத்தமாகப் போனது. மூன்றாவதில், பொட்டு இருந்த இடங்களில், சுற்றுக்கு மூன்று தரம் டக், டக், டக் என்றது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். அப்பா தொடையில் தாளம் போட்டார்.

பாட்டு முடிந்தது. அம்மையார் என்னைப் பார்க்காமல் அம்மாவிடம் சொன்னார்: "உன் பையன் நான் கேட்டதும் கொடுக்க வந்துட்டான். நீ எனக்கே கொடுக்கலை. பெட்டி உன்கிட்ட இருக்கட்டும். ஆனா சந்தனம் உறைக்கு மேல மட்டும்."

பெட்டி ஆட்டோவில் வந்து இறங்கியது. இப்போதும் ஒரு தட்டைப் போட்டுக் கேட்க வேண்டுமென்றால், கை கழுவிவிட்டு அம்மாவிடம் அனுமதி கேட்டுத்தான் எடுக்கிறேன். நான் ஒன்றைத் தொடுகிற விதத்தை வைத்தே அதன் மதிப்பைக் கணக்கிடும் ஒருவர் வீட்டில் இருக்கிறார் என்று தெரிந்த பிறகு, காபி டம்ளரைக்கூட என்னால் அலட்சியமாக வைக்க முடிவதில்லை.