பேண்டு நின்ற வீடு

எங்கள் தெருவில் மாதா தேர் வரும்போது பேண்டு வாத்தியம் நிற்பது சாவு வீட்டு முன்னால் மட்டும்தான். அந்த வருஷத்துக்குள் யாராவது செத்திருந்தால் அது சாவு வீடு. அங்கே சீரியல் பல்பு எரியாது. டிரம் அடிக்கிறவர்கள் குச்சியை அக்குளில் இடுக்கிக்கொள்வார்கள். உபதேசியார் செத்தவர் பேரைச் சொல்லி ஒரு செபம் சொல்லுவார். கொஞ்சம் தள்ளிப் போனதும் மறுபடி அடி. மற்றபடி கோயிலிலிருந்து கிளம்பி கோயிலுக்குத் திரும்புகிற வரைக்கும் சத்தம்தான். சத்தம் இல்லாவிட்டால் மாதாவுக்கு மரியாதை இல்லை என்பது மந்தாரக்குப்பத்து நினைப்பு.

என் தம்பிக்குச் சத்தம் ஆகாது. குக்கர் விசில், லாரி ஹாரன், பக்கத்து வீட்டு மிக்சி எதுவும் ஆகாது. காதைப் பொத்திக்கொண்டு குந்திவிடுவான். அதிகமானால் தலையைச் சுவரில் இடிப்பான். நிலக்கரி மைன்ஸ் சங்கு மட்டும் அவனுக்குப் பகை இல்லை. அது நேரத்துக்கு ஊதும். ஊதப்போகிறது என்று தெரிந்து முன்னாடியே பொத்திக்கொள்வான். நிலக்கரி ஏற்றிக்கொண்டு ஓயாமல் ஓடுகிற பெல்ட் இரைச்சலும் அவனை ஒன்றும் செய்யாது. திடீர் என்று வருவதுதான் அடி.

ஆஸ்பத்திரியில் காட்டினோம். காதில் ஒரு குறையும் இல்லை, ரொம்ப நன்றாகக் கேட்கிறது என்றார் டாக்டர். அப்பாவுக்கு அதில் சந்தோஷம். அப்பா மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலைக்கு வருவதற்கு முன்னால் வேறு ஊரில் கல் உடைக்கிற மிஷினில் நின்றவர். கத்தினால்தான் அவருக்குக் கேட்கும். கத்தினால் தம்பி தலையை இடிப்பான். அதனால் அம்மா அப்பாவின் காதில் வாயை வைத்துத்தான் பேசுவாள். வெளியே இருந்து பார்த்தால் கொஞ்சுகிற மாதிரி இருக்கும். பாதி நாள் அது சண்டை.

அம்மா கேட்கிறவள். எழுதப் படிக்கத் தெரியாது, ஆனால் போய்க் கேட்பாள். பள்ளிக்கூடத்தில் மணி அடிக்கிறதுக்கு முன்னால் அவனுக்கு ஒரு சைகை காட்டச் சொல்லிக் கேட்டாள். சில மாதம் காட்டினார்கள். அப்புறம் டீச்சர் மாறினார், சைகையும் போனது, அவனையும் நிறுத்திவிட்டோம். முடி வெட்டுகிற கடையில் டிவியைக் குறைக்கச் சொல்லிக் கேட்டாள். "ஒரு ஆளுக்காகக் குறைச்சா மத்த ஆளு எழுந்து போயிடுவாங்கம்மா" என்றார்கள். தெருமுனை செல்போன் கடைக்காரன் ஸ்பீக்கர் பெட்டியைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தான். திரும்பிய பெட்டி பொங்கலுக்கு மறுபடி தெருவைப் பார்த்தது.

ஒரு வருஷம் தேர் அன்றைக்கு அவன் காணாமல் போனான். டிரம் வீட்டு முன்னால் வந்ததும் தம்பி பின்கதவு வழியாக ஓடிவிட்டான். ஊரே தேர் பார்த்துக்கொண்டிருந்தது. தேடினோம். சுரங்கத் தண்ணீர் போகிற வாய்க்காலில் ஒரு சிமெண்ட் குழாய்க்குள் படுத்துக் கிடந்தான். தன் கையைத் தானே கடித்து வைத்திருந்தான். அன்றைக்குக் குழாயில் தண்ணீர் குறைவு. அதனால் பிழைத்தான்.

அடுத்த வருஷம் திருவிழாக் கொடி ஏறுவதற்கு முன்னாலேயே அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. தேர் முடிகிற வரைக்கும் அவனைக் கொண்டுபோய் வைக்க மேல்பட்டாம்பாக்கத்தில் மாமா வீடு இருக்கிறது. ஆனால் பஸ் ஹாரனுக்குத் தம்பி ஒரு தடவை ஓடுகிற பஸ்ஸின் படியிலிருந்து குதித்திருக்கிறான். அந்த வழி ஆகாது. ஞாயிறு பூசை முடிந்ததும் அம்மா என்னையும் இழுத்துக்கொண்டு பங்குச் சாமியாரிடம் போனாள். பக்கத்தில் பெரியப்பா நின்றார். அப்பாவின் பெரியம்மா மகன். விழாக் கமிட்டிக்குத் தலைவர்.

"சாமி, எங்க வூட்டு முன்னால மட்டும் டிரம் அடிக்காம போகச் சொல்லுங்க. நாலு வூட்டுத் தூரந்தான்."

சாமியார் ஊருக்குப் புதுசு. "பாவந்தாம்மா. காதுல பஞ்சு வெச்சுப் பாருங்களேன்."

"வெச்சோம் சாமி. புடுங்கித் தின்னுடறான்."

சாமியார் பெரியப்பாவைப் பார்த்தார்.

"ஏம்மா, இன்னைக்கு நீ புள்ளைக்கு ஆவலன்னுவ. நாளைக்கு ஒருத்தன் மாமியாருக்குத் தலவலின்னு வந்து நிப்பான்" என்றார் பெரியப்பா. "அப்புறம் மாதாவ சைக்கிள்ள வெச்சுத் தள்ளிக்கினு போவ வேண்டியதுதான்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மாதா சைக்கிளில் போவதை நினைத்து நானும் சிரித்தேன்.

"போன வருஷம் புள்ள கொழாய்க்குள்ள கெடந்தான் மாமா. நீங்கதான் டார்ச் அடிச்சிப் பாத்தீங்க" என்றாள் அம்மா பெரியப்பாவிடம்.

"பாத்தேன். இல்லன்னு சொல்லல. ஆனா பேண்டு எந்த வூட்டுக்கு நிக்கும்னு தெரியுமில்ல உனக்கு?"

"தெரியும்."

"அப்புறம்?"

"அப்படியே வெச்சுக்கங்க."

"எப்படி?"

"சாவு வூடுன்னே வெச்சுக்கங்க மாமா."

யாரும் சிரிக்கவில்லை. ஒரு பொம்பளை சிலுவை போட்டுக்கொண்டாள். "வாயக் கழுவு. பெத்தவ பேசற பேச்சா இது?" என்றார் பெரியப்பா. அம்மா நின்ற இடத்திலேயே நின்றாள். பெரியப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"சரி, வெச்சுக்கறோம். ஆனா சாவு வூடுன்னா சாவு வூடாட்டந்தான் இருக்கணும். லைட்டு போடக்கூடாது. தேருக்குப் பூ குடுக்கக்கூடாது. அந்த வூட்டு ஆம்பள தோள் குடுக்கக்கூடாது. முடியுமா?"

முடியாது என்பாள் என்று நினைத்துத்தான் அவர் கேட்டிருப்பார்.

"முடியும்" என்றாள் அம்மா.

சாமியார் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனார். புது ஆள்.

அப்பா ஷிஃப்ட் முடிந்து வந்ததும் அம்மா அவர் காதில் சொன்னாள். ரொம்ப நேரம் சொன்னாள். "உசுரோட இருக்கிறவனுக்காடீ?" என்று அப்பா கத்தினார். தம்பி காதைப் பொத்தினான். அப்பா உடனே குரலை இறக்கி, "என் தோளுமா?" என்று கேட்டார். தேரைத் தோளில் சுமக்கிற முன் கொம்பில் வலது பக்கம் அப்பாவுக்கு இடம். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே அவர் தோள் அங்கேதான். காது கேட்காதவரை யாரும் எதற்கும் கூப்பிடுகிறதில்லை. அதற்கு மட்டும் கூப்பிடுவார்கள். அம்மா தலையை ஆட்டினாள். அப்பா கை கழுவப் போய்விட்டார்.

தேர் அன்று பொழுது சாயும்போதே தெரு பூராவும் பச்சையும் சிவப்புமாக மின்னியது. எங்கள் வீடு மட்டும் இருட்டு, பல்லு விழுந்த இடம் மாதிரி. தம்பி கட்டிலுக்கடியில் போர்வைக்குள் கிடந்தான். அம்மா முக்காடு போட்டுக்கொண்டு கதவுக்குப் பின்னால் நின்றாள். அப்பா எதிர் வரிசையில் கூட்டத்தோடு நின்றார். நான் அவர் கையைப் பிடித்திருந்தேன்.

டிரம் சத்தம் பக்கத்தில் வந்தது. சொன்னபடி நின்றது.

ஜெனரேட்டர் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது. அது ஒரே சீரான சத்தம். கொஞ்ச நேரத்தில் தம்பி வெளியே வந்தான். அவன் தேரைப் பார்த்ததே இல்லை. நீல லைட்டில் மாதாவைப் பார்த்துக்கொண்டே படி இறங்கித் தெருவில் வந்து நின்றான். சிரித்தான். வாயிலிருந்து எச்சில் வழிந்தது.

அந்த வருஷம் உபதேசியார் திருவதிகைப் பக்கத்திலிருந்து வந்த வெளியூர் ஆள். இருட்டு வீட்டையும் முக்காட்டையும் பார்த்தார். பேண்டு நின்றதையும் பார்த்தார். பக்கத்தில் நின்ற பொம்பளையிடம், "யாருக்கும்மா? பேரு?" என்று கேட்டார். பேண்டு யாருக்காக நிற்கிறது என்று கேட்கிறார் என்று அவள் நினைத்துக்கொண்டாள். தம்பி பேரைச் சொல்லிவிட்டாள். அவர் கையைக் குவித்து, தம்பியின் ஞானஸ்நானப் பேரை முழுசாகச் சொல்லி, அவனுடைய ஆத்துமத்துக்காக மன்றாடுவோம் என்று ஆரம்பித்தார்.

பள்ளிக்கூடத்தில் இருந்த மாதங்களில் தம்பி கற்றுக்கொண்டது ஒன்றே ஒன்று. அவன் கையைத் தூக்கினான்.

"உள்ளேன் டீச்சர்."

பிள்ளைகள் சிரித்தன. உபதேசியாருக்கு ஒன்றும் புரியவில்லை. யாரோ அவர் காதில் சொன்னார்கள். அவர் முகம் செத்துப்போனது. ஆனால் ஆரம்பித்த செபத்தைப் பாதியில் விட்டால் அது இன்னும் கெட்ட சகுனம் என்று ஊரில் ஒரு பேச்சு. "முடிச்சுடுங்க" என்றார் பெரியப்பா, தரையைப் பார்த்துக்கொண்டு. முடித்தார். செபத்தில் அவன் பேர் இன்னொரு தடவை வந்தது. அதற்கும் கையைத் தூக்கினான். எல்லாரும் ஆமென் சொன்னார்கள். நானும் சொன்னேன்.

அப்பா குனிந்து, "என்னா சொன்னான்?" என்று கேட்டார். "பேர் கூப்ட்டாங்க, உள்ளேன்னு சொன்னான்" என்று அவர் காதில் சொன்னேன்.

"நல்லா சொன்னான்" என்றார். என் கையை விட்டுவிட்டுப் போய்த் தம்பி பக்கத்தில் நின்றார். தேர் கிளம்பியது. அவர் இடத்தில் வேறு ஒருவர் தோள் கொடுத்துப் போனார்.

வழக்கப்படி அடுத்த வீட்டில் டிரம் அடிக்க வேண்டும். பெரியப்பா முன்னால் நடந்தபடி ஒரு கையைத் தூக்கிப் பிடித்திருந்தார். தெரு முடிந்து திரும்புகிற வரைக்கும் கையை இறக்கவில்லை. அப்புறம்தான் அடித்தார்கள். தம்பி அதற்குள் உள்ளே போய்ப் படுத்துவிட்டான். அந்த வருஷம் யாரும் அவனைத் தேட வேண்டியிருக்கவில்லை. அவன் இன்றைக்கும் என்னோடுதான் இருக்கிறான், நன்றாகச் சாப்பிடுகிறான்.

சாவு விழுந்த வீட்டில் அந்த வருஷப் பண்டிகைக்கு எண்ணெய்ச் சட்டி ஏற்ற மாட்டார்கள். அக்கம்பக்கம்தான் பலகாரம் கொண்டுவந்து கொடுக்கும். கொடுக்கிறவர்கள் உட்கார மாட்டார்கள், போய்வருகிறேன் என்றும் சொல்ல மாட்டார்கள். நான் கல்யாணமாகிப் போன வீட்டில் மாமனார் செத்தபோதுதான் எனக்கு இது தெரியவந்தது.

அந்தக் கிறிஸ்மஸுக்கு விடிந்ததிலிருந்து எங்கள் வீட்டுக்குத் தட்டு வந்துகொண்டே இருந்தது. அதிரசம், முறுக்கு, சோமாஸ். எங்களோடு பேசாதவர்கள் வீட்டிலிருந்துகூட வந்தது. ஒவ்வொருவராக வைத்துவிட்டுச் சொல்லாமல் போனார்கள். முறுக்கைக் கடித்தால் காதுக்குள் சத்தம் கேட்கும், அதனால் தம்பிக்கு அதிரசம், எனக்கு முறுக்கு என்று பிரித்துக்கொண்டோம். அம்மா எண்ணெய்ச் சட்டியைக் கழுவி மாவுப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் எடுத்து வைத்திருந்தாள். தட்டு வரவர அவள் அதைப் பார்த்தாள். அப்புறம் மாவின் மேல் ஈரத்துணியைப் போட்டு மூடிவிட்டாள்.

எங்களை இவ்வளவு பேருக்குப் பிடித்திருக்கிறதே என்று நான் நினைத்தேன். "இன்னும் யார் வூட்டுலருந்து வரணும்மா?" என்று கேட்டுக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன்.